மூலையில் இரண்டு எழுத்து

மூதூரிலிருந்து முதல் படகில் வந்தவர்.
சாரத்தின் ஓரத்தில் இன்னும் கடல் ஈரம்.
சேகுதாவூது, வயது அறுபத்தொன்று.
குடிப்பழக்கம் உண்டா என்று படிவம் கேட்கிறது.
"தேத்தண்ணி மட்டுந்தான் புள்ள,
சீனி கொஞ்சம் கூட."

வளையத்துக்குள் கட்டில் நகர்கிறது.
இயந்திரத்தின் பதிவுக் குரலுக்குத் தமிழ் தெரியாது.
கண்ணாடிக்கு இப்பால் ஒலிவாங்கியில் நான்:
மூச்சை இழுங்க. பிடிங்க. பிடிங்க.
ஒருகாலத்தில் சுழியோடியாய் இருந்தாரோ என்னவோ,
விடச் சொல்ல நான் மறந்த பின்னும்
பிடித்துக்கொண்டே கிடந்தார்.

ஈரலின் வலது மடலில் ஒரு நிழல்,
முப்பத்தொரு மில்லிமீற்றர்.
கொட்டியாரக் குடாவை
மேலிருந்து பார்த்ததுபோல்
ஒரு பக்கம் கரை உடைந்து.

இரண்டு வருடம் இரவு முறையில்
இப்படியான நிழல்களுக்கு எல்லை கீறியவள் நான்.
ஆயிரத்து நூற்றுப் பதினேழு ஈரல்கள்.
நீர்க்கட்டிக்கு நீலம், சீழுக்கு மஞ்சள்,
இரத்தக்குழாய் முடிச்சுக்குப் பச்சை,
புற்றுக்குச் சிவப்பு.
விடியற்காலை வாசலுக்கு வந்தால்
புள்ளிமான்கள் குப்பை மேய்ந்துகொண்டிருக்கும்.
அவற்றின் முதுகிலும் விளிம்பு தேடும் கண்,
தொழில் கெடுத்த கண்.

அந்தக் கோடுகளையெல்லாம் கிண்ணியா ஹஸ்மத் வாங்கிப்போய்
அடுக்கடுக்கான வலைக்குத் தின்னக் கொடுத்தான்.
வலை என்பது எங்களுக்குத் தெரிந்த சொல்தான்:
முதலில் சின்னக் கண்,
பிறகு பெரிய கண், இன்னும் பெரிய கண்,
கடைசியில் மடியில் வந்து விழுவது
ஒரேயொரு எண்.
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாம்.
கேக் வெட்டினோம்.

ஒரு மாதம் கழித்து
அது எங்கே பார்க்கிறதென்று
படத்தின்மேல் நிறம் பூசிக் காட்டினான்.
ஈரல் குளிர்ந்து கிடந்தது.
இடது மேல் மூலையில்
தலைநகரத்து மருத்துவமனையின் சுருக்கப் பெயர்,
இரண்டே எழுத்து,
தணலாய் எரிந்தது.
புற்றுப் படங்களில் முக்கால்வாசி
அங்கிருந்து வந்தவை.
உடம்பை அது படிக்கவேயில்லை.
எந்த இடத்தது என்று பார்த்தது,
தீர்ப்புச் சொன்னது.

ஹஸ்மத் விழுந்து விழுந்து சிரித்தான்.
தொண்ணூற்றெட்டில் பிறந்த பிள்ளை.

அந்த வருடம் எனக்குப் பதினெட்டு.
சாவடியில் அடையாள அட்டையைத் திருப்பி
பிறந்த இடம் என்ற வரியில் பெருவிரலை வைத்தவன்
கடைசிவரை நிமிர்ந்து
என் முகத்தைப் பார்க்கவில்லை.
பஸ் போனது.
பௌதிகவியல் இரண்டாம் தாள் போனது.

இதை அவனுக்குச் சொல்லவில்லை.
"மூலைகளை வெட்டு" என்றேன்.

வெட்டிப் பழக்கியதில்
எண்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டது.
கேக் இல்லை.
எனக்கு அந்த எண்பத்தொன்றில்
கொஞ்சம் நம்பிக்கை.

இன்று அது சொல்வது:
சிவப்பு, தசம் ஐந்து எட்டு.
பச்சை, தசம் மூன்று ஒன்பது.
மிச்சம் மூன்றும் எங்கோ சிதறி.
வைத்தியர் சுபோதினி தொலைபேசியில்,
"அவசரப்படாதே. தாமதக் கட்டமும் எடு."

சாயம் ஊறும்வரை காத்திருக்க வேண்டும்.
புற்றென்றால் முதலில் பளிச்சிட்டு
பிறகு கழுவிக்கொண்டு போகும்.
முடிச்சென்றால் ஓரத்திலிருந்து
திட்டுத்திட்டாய் உள்ளே ஏறும்,
களப்புக்குள் வற்றுக்குப் பின் வரும் நீர்போல,
யாருக்கும் அவசரமில்லாமல்.

இன்னும் நாலு நிமிடம்.
திரையில் கரையுடைந்த அந்தப் பக்கம்
வெளுக்கிறதா, என் கண் வெளுக்கிறதா?
சுட்டியை விட்டுக் கையை எடுத்தேன்.

வளையத்துக்குள்ளிருந்து குரல்:
"புள்ளைக்கு எந்த ஊரு?"

ஒரு கணம்
மூச்சைப் பிடித்திருந்தேன்.

"சாம்பல்தீவு" என்றேன்.

"ஆ," என்றார், கண்ணை மூடியபடி.
"அங்கத்த றால் நல்ல ருசி."